ஹாப்சன்-ஜாப்சனும் பஞ்ச் என்ற பானமும்

'பஞ்ச்' என்ற பானத்தின் பெயர் நம்ம பஞ்சத்திலிருந்து, அதாவது ஐந்திலிருந்து, வந்தது என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு: ஐந்து பொருள், அதனால் பஞ்ச். இந்தக் கதை ஊரெல்லாம் பரவ 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதிக்குப் பெரிய பங்குண்டு. அதன் இரண்டு ஆசிரியர்களில் ஒருவரான ஏ.சி. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனைச் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாவதற்கு முன், 1882லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்ம ஊர்ப் பெருமை என்பதற்காக இதை நான் ஏற்கத் தயாரில்லை. பழைய மேற்கோள்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். 1632இல் ஓர் ஆங்கிலக் கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. ஐந்து என்ற பேச்சே அதில் இல்லை. 1638இல் சூரத்துக்கு வந்த மாண்டல்ஸ்லோ சொல்வது நான்கு பொருள்: சாராயம், பன்னீர், எலுமிச்சை, சர்க்கரை. பெர்னியர் 'பூல்போன்ஜ்' என்று எழுதுகிறார். 'பௌல் ஆஃப் பஞ்ச்' அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. ஐந்து என்ற விளக்கம் 1670களில் இங்கே இருந்த ஃபிரையரிடம் வருகிறது. அவர் மட்டும் எழுத்தையே 'பாஞ்ச்' என்று மாற்றிக்கொள்கிறார். விளக்கத்துக்கு ஏற்றபடி உச்சரிப்பை வளைத்த மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. முதலில் கேட்டவர்கள் காதில் விழுந்தது உகரமும் ஒகரமும், அகரம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் தயக்கமும் இந்த ஒலியில்தான். 'பஞ்சன்' என்ற கப்பல் பீப்பாயின் பெயர் சுருங்கியிருக்கலாம் என்ற மாற்றுக் கருத்து எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

எண்ணிக்கை பிசகுவதை மட்டும் வைத்து அடிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழனி பஞ்சாமிர்தத்தில் பேரீச்சையும் கல்கண்டும் சேர்த்து எண்ணினால் ஐந்தைத் தாண்டிவிடும்; பெயர் மாறவில்லையே.

ஆனால் செய்முறையில் நமக்கு நெருக்கம் உண்டு. ராம நவமிக்கு டெல்டா வீடுகளில் கரைக்கும் பானகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். சரியாக ஐந்து! அதை யாரும் பஞ்ச் என்று சொன்னதில்லை. கப்பல்காரர்கள் குடித்தது கிட்டத்தட்ட இதில் சாராயம் ஊற்றியது. தனிச் சாராயத்தைப் புளிப்பும் இனிப்பும் தண்ணீரும் விட்டு மட்டுப்படுத்திக் குடிக்கிற வேலை. சொல்லின் வேரைத் தேடிய அளவுக்கு இந்தக் கலவையின் வேரை யாராவது தேடியிருந்தால், சுவடி அறையை விட்டுச் சமையலறைப் பக்கம் வந்திருப்பார்கள்.