பிரிச்சு அடிக்கணுமா, சேர்த்து அடிக்கணுமா?

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஸ்டோர்ஸ் மென்பொருள் எழுதுவது என் வேலை. பார்ட் நம்பரில் ஒரு கோடு விட்டுப்போனால் போதும், அலமாரி நிறைய இருக்கிற போல்ட்டை இல்லை என்று சொல்லிவிடும் கணினி. ஷிப்ட் சூப்பர்வைசர் போனில் கத்துவார்: "கண்ணு முன்னாடி இருக்கு சார், உங்க சிஸ்டம் இல்லைங்குது!" 'தேடு' என்ற பொத்தான் மேல் எனக்குள்ள அவநம்பிக்கை அங்கே வந்ததுதான். கணினித் தேவாரத்தையும் அதே மனநிலையில்தான் திறந்தேன்.

2007இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து குறுந்தகடாக வெளியிட்டது அது. (குறுந்தகடு போடுகிற மடிக்கணினியை நான் பார்த்தே பல வருஷமாகிறது.) மறைந்த வி.எம். சுப்பிரமணிய ஐயர், ழான்-லுய்க் செவ்வியார், எஸ்.ஏ.எஸ். சர்மா ஆகிய மூவர் பெயரில் வந்தது. ஏழு திருமுறைகளுக்கும் ஐயர் எழுதிய ஆங்கில உரை முழுமையாக உண்டு. கூடவே பாடல்கள் முழுவதற்கும் ஒரு தொடரடைவு.

செவ்வியார் அதற்கு முன்பே, 1996இல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு பெரிய புத்தகம் போட்டவர். இடைக்கால உரைகாரர்கள் இலக்கணம் பேசுவதற்கென்று வைத்திருந்த மொழிதான் அதன் பொருள். அப்படிப்பட்டவர் கணினிக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சொல்லைப் பிரிப்பது, சிதறிக் கிடப்பதைக் கொண்டுகூட்டுவது, 'மேலே சொன்னோம்' என்று வேறொரு சூத்திரத்துக்குக் கைகாட்டுவது என்று உரைகாரர் செய்ததில் பாதி எங்கள் தொழில்தான்.

தொடரடைவில் என்ன சிக்கல்? தமிழ் எழுத்தில் 'ஆரூர்' என்று தேடிப் பாருங்கள். 'ஆரூரில்' சிக்காது, 'ஆரூரன்' சிக்காது. கடைசி 'ர்' அடுத்த உயிரோடு ஒட்டி 'ரி', 'ர' என்று ஆகிவிடுகிறது, கணினிக்கு அது வேறு எழுத்து. ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் உயிரும் மெய்யும் தனித்தனி என்பதால் எல்லாமே மாட்டும். தமிழை எதற்கு ரோமனில் எழுத வேண்டும் என்று முகம் சுளித்தவன்தான் நானும், இப்போது சுளிப்பதில்லை. ஆனால் ரோமனில் வலை வீசினால் திருவாரூரும் வரும், பதிகக் கடைசியில் தன்னை ஆரூரன் என்று சொல்லிக்கொள்ளும் சுந்தரரும் வருவார். ஊர் எது, ஆள் எது என்று பிரிக்க மறுபடி ஒரு மனுஷன் உட்கார வேண்டும். இது போதாதென்று சந்தி வேறு. 'கல்' என்று தேடுகிறவனுக்குக் 'கற்றூண்' கிடைக்காது. பாட்டு சீர் சீராக அச்சாகியிருந்தால் ஒரே சொல் இரண்டு சீரில் உடைந்து கிடக்கும்.

இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, என் சித்தி. காஞ்சிபுரத்தில் ஒரு டிடிபி கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தட்டச்சு செய்தாள். கும்பாபிஷேக மலர் ஒன்றுக்காகப் பதிகங்கள் வந்தபோது ஓனரிடம் கேட்டாளாம்: "அண்ணே, இதைப் பிரிச்சு அடிக்கணுமா, சேர்த்து அடிக்கணுமா?" பார்த்துப் போடும்மா என்றாராம் அவர். அவளும் பார்த்துப் போட்டாள். "மூச்சு விடற இடம் வேற, வார்த்தை முடியற இடம் வேறடா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். மலரில் நன்கொடையாளர் பெயர் மட்டும் நாலு பக்கம்.

இத்தாலியில் ரொபெர்த்தோ பூசா என்ற ஏசுசபைப் பாதிரியார் 1949இல் ஐபிஎம் துணையோடு தாமஸ் அக்குவினாஸின் லத்தீனுக்குச் சொல்லடைவு செய்யத் தொடங்கினார். 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அது அச்சில் வந்தது. மானுடவியல் கணினித்துறையின் கதையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். கல்லராத்தேயில் அட்டைகளைத் துளையிட்ட இளம்பெண்களைத் தேடிப் போய் ஜூலியான் நைஹன் பேட்டி எடுத்ததெல்லாம் வெகு பின்னால்தான். காலை ஷிப்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்க்கும்போது எனக்குக் கல்லராத்தே ஞாபகம் வரும்.

என்னைக் கேட்டால், கணினித் தேவாரத்தின் உயிர் தொடரடைவில் இல்லை, ஐயரின் உரையில் இருக்கிறது. ஆங்கிலமாகப் பார்த்தால் விறைப்பானது. கவிதை வேண்டுமென்று போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். ஆனால் ஒரு சொல்லை எங்கே வெட்டினார், எதோடு சேர்த்தார் என்பதை அந்த விறைப்பு மறைப்பதில்லை. தொடரடைவு 'எங்கே' என்று சொல்லும். 'எப்படிப் படித்தேன்' என்று சொல்வது அவர்தான். எனக்கு ஒரு குறை உண்டு. நிரலில் எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற தடம் இருக்கும். ஒவ்வொரு பிரிப்புக்கும் அப்படி ஒரு தடம் வேண்டும். குறுந்தகட்டில் அதற்கு இடமில்லை, இணையத்தில் தாராளமாக உண்டு.

போன பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மடிக்கணினியில் திறந்து காட்டினேன். ரோமன் பக்கத்தின் புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்து "இதென்னடா கோலம்" என்றாள். தமிழுக்கு மாற்றியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் அடித்த பதிகத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க நான் சேர்த்து அடிச்சேன். இவங்க பிரிச்சிருக்காங்க. யாருடா சரி?"

ஐயரின் உரையைத் திறந்தேன்.