உழைப்பவன் பேசுகிறான்

உழைப்பவனைப் பற்றிப் பேசாதவர் யார்? பாடுகிறார் கவிஞர், அவன் வியர்வை முத்தென்று! முழங்குகிறார் அமைச்சர், அவனே நாட்டின் முதுகெலும்பென்று! மடாதிபதியோ, எல்லாம் முன்வினைப் பயன், பொறுத்துக்கொள், மறுமையில் மேன்மை உண்டு என்று அருள்வாக்கு அளிக்கிறார். ஆண்டுக்கொரு நாள் ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டிட்டு, இயக்குபவன் கையில் பொரிப் பொட்டலத்தைத் தருகிறார் முதலாளி. எல்லோரும் பேசுகின்றனர். பேசாதிருப்பவன் ஒருவன்தான், உழைப்பவன். அவனுக்குப் பேசத் தெரியாது என்பதாலா? இல்லை, தோழர்களே! அவனை யாரும் கேட்கவில்லை.

கேட்டார் ஒருவர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலே வானொலியில் நெடுங்காலம் பணியாற்றிய ஸ்டட்ஸ் டெர்க்கல். 1912இல் பிறந்து 2008இல் மறைந்தவர். சட்டம் பயின்றும் வழக்குமன்றம் ஏறாதவர். பொதுவுடைமைப் பூச்சாண்டி காட்டி அறிவாளிகளை அமெரிக்கா வேட்டையாடிய 1950களிலே, நிறவெறியை எதிர்த்த விண்ணப்பங்களில் கையெழுத்திட்ட 'குற்றத்துக்காக'த் தொலைக்காட்சி வாய்ப்பை இழந்தவர். அவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மூன்றாண்டுகள் அலைந்தார். நூற்றுக்கு மேற்பட்டோரைக் கண்டார். நாள் முழுதும் நீ செய்வது என்ன, அதைப்பற்றி உன் உள்ளம் சொல்வது என்ன, இவையே அவர் கேட்டவை. விடைகள் 1974இல் 'வொர்க்கிங்' என்ற பெயரில் ஏடாக வெளிவந்தன. வேலை செய்தல் என்பதுதான் அதன் பொருள். அதற்குமேல் அலங்காரம் எதுவும் தலைப்பில் இல்லை.

ஏழை பங்காளர் எமிலி ஜோலாவை நமக்கு அறிமுகப்படுத்தினார் அண்ணா. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து, 1885இல் 'ஜெர்மினல்' என்ற காவியத்தைத் தந்தவர் ஜோலா. பெரும் பணி அது, மறுப்பவர் இல்லை. எனினும் அங்கே உழைப்பவன் துடித்தான். எழுதுகோல் ஜோலாவின் கையில் இருந்தது. டெர்க்கலோ எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஏட்டிலே நாயகன் இல்லை, நாயகி இல்லை, முடிச்சும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு! அறுநூறு பக்கத்தை நெருங்கும் பேச்சு. அலுப்புத் தட்டுமே என்று அஞ்சித்தான் புரட்டத் தொடங்கினேன். முதற் பக்கங்களிலேயே அச்சம் அகன்றது.

ஏட்டின் வாயிலில் நிற்பவர் எஃகாலைத் தொழிலாளி. நாளெல்லாம் எஃகைத் தூக்குவதும் அடுக்குவதும் அவர் வேலை. பிரமிடுகளைக் கட்டியவர் யார் என்ற கேள்வியைத் தலைப்பாகத் தாங்கி வருகிறது அவர் பேச்சு. ஜெர்மன் கவிஞர் பிரெக்ட் 1935இல் எழுதிய ஒரு கவிதையை நினைவூட்டும் கேள்வி அது. அவர் விரும்புவது என்ன? கூலி உயர்வா? அதுவும் வேண்டும்தான். ஆனால் அவருக்கு வேறோர் ஆசை. எம்பயர் ஸ்டேட் போன்ற வானளாவிய கட்டடத்தின் மீது, அடிமுதல் முடிவரை ஓரடி அகலத்தில் ஒரு பட்டை விடவேண்டுமாம். கொத்தனார், மின்பணியாளர், இரும்பு தூக்கியவர் அனைவரின் பெயரையும் அதிலே பொறிக்க வேண்டுமாம். மகனை அழைத்து வந்து, இத்தனையாவது மாடியில் இந்த உத்திரம் நான் வைத்தது என்று காட்ட வேண்டுமாம்.

சின்ன ஆசை! ஆனால் வரலாறு முழுவதையும் வழக்குமன்றத்துக்கு இழுக்கும் ஆசை. தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010இல் நிறைவுற்ற அந்தக் கற்றளியின் கல்வெட்டுகளிலே பெயருக்குப் பஞ்சமில்லை. பொன் கொடுத்தவர் பெயர் உண்டு. பெருந்தச்சன் பெயர் உண்டு. ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயரும், அவர்கள் குடியிருந்த வீட்டின் வரிசையும்கூட உண்டு. விமானத்தின் உச்சிக்குக் கல்லை ஏற்றியவன் பெயர் எங்கே? அதைத்தான் கேட்கிறார் சிகாகோக்காரர், தஞ்சையை அறியாமலே.

அடுத்து ஃபோர்டு மோட்டார் ஆலைக்கு வருவோம். அங்கே உலோகத் தகட்டைப் பற்றவைக்கும் ஒரு தொழிலாளி. இரண்டு மூன்று அடி இடத்திலே இரவு முழுதும் நிற்கிறார். ஒரு காருக்கு 32 பற்றவைப்பு. மணிக்கு 48 கார். நாளுக்கு 8 மணி. பெருக்கிப் பாருங்கள், அத்தனை முறை பொத்தானை அழுத்துகிறேன் என்கிறார். பெருக்கச் சொல்லிவிட்டாரே, பள்ளி ஆசிரியன் சும்மா இருக்க முடியுமா? பெருக்கினேன். 12,288. கிழமைக்கு ஐந்து நாள் என்று கொண்டால் 61,440. தொழிலைத் தெய்வமென்று கும்பிடச் சொல்லும் வைதிக மனமே, பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டில் எந்த அழுத்தலிலே ஒளிந்திருக்கிறது அந்தத் தெய்வம்?

இந்தக் கும்பிடு நம் நாட்டு வைதிகருக்கு மட்டும் உரியதன்று. தரை துடைப்பதற்கும், நோயாளியின் மலச்சட்டியைக் கழுவுவதற்கும், நான் வகிக்கும் பதவிக்கு உள்ள அளவே கண்ணியம் உண்டு என்ற கருத்தில் 1971இல் பேசினார் குடியரசுத் தலைவர் நிக்சன். கேட்க இனிக்கிறது! நாற்காலியை மாற்றிக்கொள்ள அவர் முன்வந்ததாகத்தான் செய்தி இல்லை. இந்த ஏடு வெளிவந்த அதே 1974இல், வாட்டர்கேட் ஊழல் வெளிப்பட்டுப் பதவியை விட்டு விலகினார் அவர். அப்போதும் தரை துடைக்கப் போகவில்லை.

அப்படியானால் வேலையை விரும்புவோரே இந்த ஏட்டில் இல்லையா? உண்டு. இங்கேதான் ஏடு நம்மை உட்கார வைத்துச் சிந்திக்கச் செய்கிறது. ஒரே உணவகத்தில் 23 ஆண்டுகள் பரிமாறிய பெண்ணொருத்தி, தட்டை மேசைமீது ஓசை எழாமல் வைப்பது ஒரு கலை என்கிறாள். நீ ஏன் வெறும் பரிமாறுபவளாக இருக்கிறாய் என்று இரக்கப்படுவோரிடம், என் கையால் பரிமாறப்படும் தகுதி உனக்கு இல்லையென்றா நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறாள். என்ன தன்மான வீச்சு, பாருங்கள்! கல்லறைத் தோட்டத்திலே குழி தோண்டுபவர் ஒருவர். உள்ளே இறங்குவது ஒரு மனித உடல், ஆகவே குழி செம்மையாக அமையவேண்டும், அதற்குத் திறமை வேண்டும் என்கிறார். கல் கட்டும் கொத்தனார் ஒருவர், வயது 57. தான் கட்டிய வீட்டைக் கடக்கும்போதெல்லாம் பார்க்கிறார். கோணலாக அமைந்த ஒரு கல்லை வேறு யாரும் கவனிக்கமாட்டார்கள். அவர் கண்ணுக்கு மட்டும் அது தென்படுகிறது.

கல் தூக்குவது எளிதா, பொத்தானை அழுத்துவது எளிதா? கல்தான் கடினம், ஐயமில்லை. இருந்தும் கல் தூக்குபவர் தொழிலை நேசிக்கிறார். பொத்தானை அழுத்துபவர் வெறுக்கிறார். ஏன்? வெறுப்பைப் பிறப்பிப்பது வேலையின் கடுமை அன்று. எந்தக் கல்லை எங்கே வைப்பதென்று கொத்தனாரின் கண் முடிவு செய்கிறது. எத்தனை விநாடியில் கார் நகர வேண்டும் என்பதையோ யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் முடிவு செய்கிறார். வேகம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேதான் உழைப்பவனின் மனநிறைவும் இருக்கிறது. தலைவிதி, பூர்வ புண்ணியம், மனப்பக்குவம் என்றெல்லாம் நம் உபதேசிகள் சொல்லும் விளக்கம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை.

இதற்குச் சான்று ஏட்டிலேயே இருக்கிறது. ஒஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், மணிக்கு நூறு கார் என்ற வேகத்தில் உற்பத்தி வரிசையை ஓட்டியது. ஒரு காருக்கு 36 விநாடி! அண்ணாந்து பார்த்து மூச்சுவிடவும் நேரமில்லை. 1972 மார்ச்சில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர் இளைஞர், சங்கத் தலைவருக்கும் வயது 29தான். நான் இயந்திரத்தின் உறுப்பு அல்லன் என்ற முழக்கம் சில்லறைக் கூலித் தகராறன்று. அதைப் புரிந்துகொள்ள நிறுவனத்துக்கு மனமில்லை. அந்த ஆலையில் உற்பத்தியையே 2019இல் நிறுத்திக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸ். உழைத்தவரின் உள்ளம் பற்றிய கேள்வி 1972இல் எழவில்லை நிறுவனத்துக்கு, 2019இல் எழுந்ததா?

இனி டெர்க்கல்மீது எனக்குள்ள வழக்கு. பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் அது திறனாய்வு ஆகாது.

பெரும்பாலான இடங்களில் அவர் தம் கேள்விகளை அழித்துவிடுகிறார். தானாகவே பொங்கி வழிந்த பேச்சுப்போலத் தோற்றமளிக்கின்றன விடைகள். பல மணி நேரப் பேச்சு சில பக்கங்களில் அடங்க வேண்டுமானால், வெட்டியவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? எதை வெட்டினார், எதைச் சேர்த்தார்? படிப்பவனுக்குத் தெரியாது. எழுதுகோலைக் கீழே வைத்தார் என்றேன், கத்தரிக்கோலை வைக்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெருநிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவரும் இந்த ஏட்டிலே பேசுகிறார். அந்த உலகம் ஒரு காடு, உச்சியில் இருப்பவனுக்கும் அச்சம், தனிமை என்று புலம்புகிறார். புலம்பட்டும்! ஆனால் அந்தப் புலம்பலையும் பற்றவைப்பவரின் புலம்பலையும் ஒரே தராசில், ஒரே எழுத்தளவில் வைக்கும்போது, உலகில் எல்லோருக்கும் துன்பம்தானே என்ற பழைய வேதாந்தம் பின்வாசல் வழியே நுழைந்துவிடுகிறது. அச்சம் வந்தால் வேறு தொழிலைத் தேடலாம் தலைவர். பொத்தானை விட்டுக் கையை எடுத்தால் பட்டினி தொழிலாளிக்கு. உள்ளத்தைக் கேட்ட டெர்க்கல், கணக்கேட்டையும் காட்டு என்று கேட்டிருக்க வேண்டாமா?

கேட்காமலே காட்டியவர் ஒருவர் இருக்கிறார். கலிபோர்னியாவில் சிறுவயது முதல் வயலில் உழைத்து, பின்னர்ப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றியவர். பயிருக்கு நீர் பாய்ச்சத் துல்லியமான குழாய் அமைப்பு வைத்திருக்கிறான் முதலாளி; பயிரை வளர்ப்பவர் குடியிருக்கும் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை என்கிறார். ஏட்டிலே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. அழுகை இல்லை இதில். ஒரு குழாயையும் இன்னொரு குழாயையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். பகுத்தறிவு என்பது இதுதானே!

ஏட்டின் இறுதிப் பகுதி தந்தையரையும் மைந்தரையும் பற்றியது. மகன் தன்னைப் போலாகக் கூடாது என்ற ஏக்கம் ஏடெங்கும் ஒலிக்கிறது. வாயிலில் நின்ற எஃகாலைத் தொழிலாளியோ ஒருபடி மேலே போய், என் மகன் படித்துப் பெரியவனாகி என்னைச் சற்று இளக்காரமாகப் பார்த்தாலும் சரியே என்கிறார். தகப்பன் இப்படி ஆசைப்படலாம், அமெரிக்காவில். நம் நாட்டிலோ அந்த ஆசையே பாவம் என்று எழுதி வைத்தனர் சாத்திரக்காரர். தொழிலைப் பிரித்ததன்று சாதி, தொழிலாளரையே பிரித்தது என்று 1936இல் எடுத்துக்காட்டினார் அம்பேத்கர். 1953இலோ, நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் தீட்டினார் ஆச்சாரியார். பெரியாரும் கழகமும் கிளர்ந்தெழுந்த பின், காமராசர் ஆட்சிக்கு வந்த 1954இல் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால், உன் தொழிலைப்பற்றி உன் உள்ளம் சொல்வது என்ன என்ற கேள்விக்கே இங்கே இடமிருந்திராது. பிறக்கும்போதே விடையை எழுதி வைத்துவிட்ட பின் கேள்வி எதற்கு?

பிறப்பு ஒட்டவைக்கும் இழிவை அமெரிக்க ஏடும் ஓரிடத்தில் தொடுகிறது. வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணொருத்தி, மண்டியிட்டுத் தரை தேய்க்க மறுக்கிறாள். வீட்டுக்காரி மண்டியிடமாட்டாள், கறுப்புப் பெண்ணை மட்டும் மண்டியிடச் சொல்வாள் என்று காரணமும் சொல்கிறாள். தொழிலுக்குத் தொழில் மனநிறைவை அளந்துகொண்டே போன டெர்க்கலின் கருவி, இங்கே வேறொன்றைப் பதிவு செய்துவிட்டது. வேலை ஒன்றே, உடல் மட்டும் யாருடையது என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் செய்த நாட்டிலே, கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி மாண்டவர்கள் எந்தக் குடியில் பிறந்தவர்கள் என்று கேட்டால் விடை சொல்ல ஆராய்ச்சியாளர் தேவையில்லை. துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர்ப் பலகை மாறியது, இறங்குபவர் மாறினாரா?

டெர்க்கல் தூக்கிச் சுமந்த கருவி இன்று கைப்பேசியாக நம் இளைஞர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கிடக்கிறது. தலைவர் பேச்சைப் பதிவு செய்கிறோம், திரைப்பாட்டைப் பதிவு செய்கிறோம். நம் படிப்பகத்துக்கு எதிரே வண்டி இழுப்பவரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கிறோமா? அமர்வதானால், மனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுந்து வந்துவிட வேண்டாம். கூலி எவ்வளவு, கணக்கு யாரிடம், வேகத்தை வகுப்பவர் யார் என்பனவும் ஒலிநாடாவில் ஏறட்டும்.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலே தந்தையின் தொழில் என்றொரு கட்டம் உண்டு. நான் பணியாற்றும் பள்ளியில் அந்தக் கட்டத்திலே பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: கூலி. டெர்க்கலைப் படித்த பிறகு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நேற்று விடிந்ததுமுதல் இரவுவரை உங்கள் தந்தையோ தாயோ செய்த வேலையைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். செங்கல் சூளையிலிருந்து வரும் ஒரு பெண் நான்கு பக்கம் எழுதி வந்தாள். அம்மா எத்தனை மணிக்கு எழுகிறாள், மண் குழைப்பது யார், நாளுக்கு எத்தனை கல் அறுக்கிறாள், எந்த விரலில் வெடிப்பு, எல்லாம் இருந்தது. ஆயிரம் கல்லுக்குக் கூலி எவ்வளவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஏனம்மா என்றேன். "அது அம்மாவுக்கே தெரியாது, ஐயா. முன்பணத்தில் கழிக்கிறார்களாம். நோட்டு முதலாளி வீட்டில் இருக்கிறது" என்றாள்.