ஜிமெயிலின் புது விளக்குமாறு: பாதி வீடுதான் சுத்தம்

ஜிமெயிலில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற வசதி 2025 ஜூலையில் வரத் தொடங்கியது. இன்னும் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் இடது பக்கப் பட்டியலை 'மோர்' அழுத்தி விரித்தால் ஸ்பேம், ட்ராஷ் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. போனில் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்ட வேண்டும்.

திறந்ததும் கொஞ்சம் அதிர்ச்சிதான். யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்கள் மேலே. பெயரோடு, சமீபத்தில் எத்தனை மெயில் அனுப்பினார்கள் என்ற கணக்கும். என் பட்டியலில் முதலிடம், எப்போதோ ஒரு சட்டை வாங்கிய ஆன்லைன் துணிக்கடைக்கு. அடுத்தது ஒரு வேலைவாய்ப்புத் தளம். மூன்றாவதுதான் உச்சம்: தங்கைக்கு வரன் தேடிப் பதிந்த தளம். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தாயிற்று. 'உங்களுக்குப் பொருத்தமான வரன்கள்' மட்டும் நின்றபாடில்லை.

பெயருக்கு எதிரே உள்ள அன்சப்ஸ்க்ரைப் பட்டனை அழுத்தி உறுதி செய்தால் போதும், நம் சார்பில் ஜிமெயிலே விலகல் கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. துணிக்கடை சில நாளில் ஓய்ந்துவிட்டது. இது கடைக்காரரின் நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வழி தரவேண்டும், கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி போட்டது. யாஹூவும் சேர்ந்துகொண்டது. ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொட்டால், அனுப்பும் மெயில் இன்பாக்ஸுக்குள் போவதே சந்தேகம். பெரிய கடைகள் பயப்படுவது இதற்குத்தான்.

வேலைவாய்ப்புத் தளம் அவ்வளவு லேசில் விடவில்லை. அங்கே பட்டனை அழுத்தினால் 'அவர்களுடைய தளத்துக்குப் போங்கள்' என்று ஜிமெயில் கைகாட்டிவிடுகிறது. போனால் லாகின் கேட்கிறார்கள். பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம்? அதை மாற்றி உள்ளே போனால் தினசரி அறிவிப்பு, வாராந்திரத் தொகுப்பு, கூட்டாளி நிறுவனச் சலுகைகள் என்று வரிசையாக டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். விலகுவதற்குக் காரணம் வேறு கேட்டார்கள். 'வேலை கிடைத்துவிட்டது' என்று எழுதிவிட்டு வந்தேன்.

இந்தப் பட்டியலால் தொடவே முடியாத ஒரு கூட்டமும் உண்டு. லாட்டரி விழுந்திருக்கிறது, பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது என்று வரும் மெயில்கள். அவற்றின் அடியிலுள்ள அன்சப்ஸ்க்ரைப் இணைப்பைத் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக்கொடுப்பது போலாகிவிடும். 'ரிப்போர்ட் ஸ்பேம்' ஒன்றுதான் வழி.

எத்தனை முறை விலகினாலும் அடங்காதவர்களுக்கு ஃபில்டர் போடலாம். தேடல் பெட்டியில் அனுப்புநரின் டொமைனைக் கொடுத்து, 'டிலீட் இட்' தேர்ந்தெடுத்தால் வந்த கையோடு ட்ராஷுக்குப் போய்விடும். ஆனால் இதைப் போன் ஆப்பில் செய்ய வழியில்லை, பிரவுசருக்குத்தான் போக வேண்டும். போனே கம்ப்யூட்டராகிவிட்ட ஊரில் இது பெரிய குறை.

இன்பாக்ஸைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று இலவச ஆப்கள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு மெயிலைப் படிக்கும் அனுமதி கொடுக்கும் முன் அன்ரோல்.மீ கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பயனர்களின் ரசீது மெயில்களிலிருந்து எடுத்த தகவலை, பெயரை நீக்கிவிட்டு அதன் தாய் நிறுவனம் விற்றது 2017-இல் அம்பலமானது. அந்த வகையில் ஜிமெயிலுக்குள்ளேயே இருக்கும் இந்த வசதிதான் மேல்; புதிதாக யாருக்கும் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

எனக்குள்ள பெரிய மனக்குறை பழைய மெயில்கள். விலகினால் இனி வருவதுதான் நிற்கும், துணிக்கடை இதுவரை அனுப்பியதெல்லாம் அப்படியே கிடக்கும். டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம். கடையின் பெயரைத் தேடி, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, நாமேதான் அழிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் 'ஸ்வீப்' என்று ஒரு பட்டன் பல வருடமாக இருக்கிறது. ஒருவரிடமிருந்து வந்ததையும், கேட்டால் இனி வரப்போவதையும் சேர்த்தே அழித்துவிடும். கூகுள் அதைப் பார்த்து எழுதினாலும் நான் புகார் சொல்ல மாட்டேன்.