கொழுந்துக் கூடையும் மெய்ப்பாடும்

சிறுகதை என்னும் இலக்கிய வகை தமிழுக்குப் புதிது. ஆயின் அது காட்டும் மனித உள்ளம் புதிதன்று. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகள் சங்கத் தலைவனுக்கும் தலைவிக்கும் மட்டும் உரியன அல்ல. அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே புகைவண்டி நின்று செல்லும் கொட்டகலையில், லயத்து அறையில் வாழ்பவனுக்கும் அவை உரியனவே. எனினும் மலையகக் கதைகளைப் பற்றிப் பேசுவோர் பலர், அவற்றைச் 'சமுதாய ஆவணம்' என்று ஒரு சொல்லாற் சுட்டி அமைந்துவிடுகின்றனர். பாராட்டுப் போலத் தோன்றும் இக்கூற்று உண்மையில் ஒருவகைப் புறக்கணிப்பேயாகும். கூலி எவ்வளவு, அறையின் நீள அகலம் எவ்வளவு என்பவற்றை அறிய அரசாங்க அறிக்கை போதும். அதற்குக் கதை வேண்டுவதில்லை.

தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொணர்ந்த பெரும் படைப்பு புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த இக்கதையின் மருதி, திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து வறுமையும் சூழ்ச்சியும் துரத்த இலங்கைக்கு வந்து சேர்பவள். ஆசிரியர் இலங்கையைக் கண்டவரல்லர்; கேள்வியும் கற்பனையுமே அவருக்குத் துணை. ஆயினும் வெள்ளைத்துரையின் அதிகாரத்தின்கீழ் ஒரு பெண்ணின் உடல் படும் பாட்டை அவர் கூசாது எழுதினார். வறுமையை அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். 'துன்பக்கேணி' அவ்வழுகையின் கதை. அதன் வலிமையும் குறையும் அதுவே. பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் விரைந்து குவிய, மருதியை நாம் இரங்கத்தக்கவளாகக் காண்கிறோமேயன்றி, அவள் எதனை விரும்பினாள், எதனைப் பெருமையாகக் கருதினாள் என்பதை அறிகின்றோமில்லை. கரையில் நின்று கேணியை எட்டிப் பார்ப்பவனுக்கு நீரின் ஆழம் தெரியும், குளிர்ச்சி தெரியாது.

அக்குளிர்ச்சியை உள்ளிருந்தே உணர்ந்தவர் என்.எஸ்.எம். இராமையா. 1980இல் தொகுப்பாக வந்த நூலுக்குப் பெயர் தந்த 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் கதை, அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரை இரு அரசுகள் எண்ணிக்கையாற் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அப்போது வந்திருக்கவில்லை. கதையில் இவ்வரசியல் இல்லை. அது ஒரு குறையென்பாரும் உளர். அவர் கூற்று ஏற்புடையதன்று.

கதையின் நிகழ்ச்சி மிகச் சிறிது. இளம்பெண் ஒருத்தி பிறரினும் மிகுதியாகக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். பாராட்டு வரவேண்டிய இடத்தில் ஐயம் வருகிறது. உழைப்பின்மேல் எழுந்த ஐயம் ஒழுக்கத்தின்மேலும் படிகிறது. தோட்ட வாழ்க்கையை அறியாதார்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்தில் ஒரு பெண்ணின் பகற்பொழுது முழுவதும் தராசுத் தட்டில் வந்து முடிகிறது. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் விழும் றாத்தல் எண்ணே அவள் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது. எண் குறைந்தால் அரைப்பேர். இங்கோ எண் கூடியதால் அவப்பேர். அக்கறையை அவள் கண்ணீராற் கழுவ முயலவில்லை. கொழுந்து கிள்ளும் விரல்களாலேயே துடைக்க முனைகிறாள். சிறையில் தண்ணீர் காலந்தாழ்த்துத் தரப்பட்டமையால் அதனைப் பருகாது உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் மானத்தைப் புறநானூற்றிற் கற்பிக்கும் ஆசிரியர், இப்பெண்ணின் மானத்தையும் அதே வகுப்பிற் கற்பிக்கலாம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கே பெருமிதத்தின் பிறப்பிடங்களாகத் தொல்காப்பியத்திற் கூறப்பட்டன. கைத்தொழிலின் திறமை அந்நான்கில் இல்லை. ஐந்தாவது ஒன்றை இராமையா ஒரு கூடையில் வைத்துக் காட்டியுள்ளார்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இதற்கு மறுதலையானது. 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்று, 2022இல் மறைந்த இவ்வாசிரியர் இக்கதையில் எடுத்துக்கொண்ட பொருள் கையாள அரிது. ஒரே அறை, அதில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள். இருளில் மனைவியென மயங்கி மகளைத் தீண்டிவிட்ட தந்தையின் கூச்சமே கதை. வேறோர் அறை கிடைக்காதா என்னும் தவிப்பு அவனை அலைக்கழிக்கிறது. சற்றுப் பிறழ்ந்திருந்தால் இக்கதை ஆபாசமாகியிருக்கும். அன்றேல் லயங்களைக் கண்டிக்கும் மேடைப் பேச்சாகியிருக்கும். இரண்டும் நிகழவில்லை. 1886இல் செகாவ் எழுதிய கதையொன்றில், மகனை இழந்த வண்டிக்காரன் கேட்பார் எவருமின்றித் தன் துயரைக் குதிரையிடம் சொல்லி முடிக்கிறான். அவனுக்குக் குதிரையேனும் இருந்தது. ஜோசப்பின் தொழிலாளி தன் துன்பத்தை எவ்வுயிரிடத்தும் சொல்ல இயலாதவன். அறை வேண்டுமென்று கேட்கலாம். ஏன் வேண்டுமென்று கேட்டால் அவனுக்கு வாயில்லை. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு இக்காலத் தமிழில் இதனினும் கூரிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கொட்டகலை மலைகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவனுக்கு இக்கதைகளைப் படிப்பதில் ஒரு தனித் தொல்லை உண்டு. பிறர் அடிக்குறிப்புத் தேடும் சொற்கள் அவன் வீட்டுச் சொற்கள். பிறர் இரங்கும் பெண் அவன் தாய். ஆகவே அவன் எளிதில் நெகிழ்வான், அன்றேல் வெட்குவான். இரண்டுமே நல்ல வாசிப்பிற்குத் தடை. ஆனால் பிறர் காணாத ஒன்றை அவன் காணக்கூடும். எண்வகை மெய்ப்பாட்டில் முதலாவதாகிய நகை இம்மூன்று கதைகளிலும் அருகியே உள்ளது. இராமையாவின் பேச்சுநடையில் மட்டும் அதன் சாயல் உண்டு. கங்காணிக்குப் பட்டப்பெயர் சூட்டி, துரையின் தமிழைப் பேசிக்காட்டி, மழையில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு நிரை சிரிப்பைக் கடத்தும் பெண்களின் குரலை அவன் கேட்டு வளர்ந்தவன்.