யேட்ஸும் உடைமரமும்

அயர்லாந்துக் கவி யேட்ஸ் 1893-இல் வெளியிட்ட 'கெல்டிக் ட்விலைட்' புத்தகத்தை, நரிக்குடியில் வெயில் தணியாத ஒரு பங்குனி மாலையில் படித்து முடித்தேன். அந்தி மயக்கம் என்று தலைப்பு. வெளியே கண் கூசுகிறது.

பழைய கெல்டியரின் துரூயித் குருமார் தங்கள் போதனையை எழுதிவைக்க மாட்டார்கள் என்கிறார் ஜூலியஸ் சீஸர். ஆகவே, மிஞ்சியதைக் கிழவர்களிடம்தான் கேட்க வேண்டும். பாலிசடேர் கிராமத்து பாடி ஃப்ளின் கிழவரிடம் யேட்ஸ் கேட்டார். நல்ல காது அவருக்கு. ஆனால் கிழவரின் குடிசை ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மூடுபனிக்குள் போய்விடுகிறார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் கண்மாய்க்கரை உடைமரத்தடிக்குத் தனியாகப் போவாள். பூசாரி கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரு செம்புத் தண்ணீர்.

"என்னத்தை வேண்டிக்கிட்டீக பெரியம்மா?"

"கம்மா பெருகணும். வேற என்னடா?"

அவளை ஒரு கதையில் எழுதினேன். செம்பும் மரமும் ஒற்றை உருவமும் அழகாக அமைந்தன. வறண்ட கண்மாயை விட்டுவிட்டேன். வாசகர்கள் பாராட்டினார்கள். யேட்ஸைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவு யோக்கியதை உண்டென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகன் உறையும் காடு, சோலை, ஆறு, குளம், கடம்பு என்று அடுக்குகிறார். அதில் மயக்கமே இல்லை. வழி கேட்டவனுக்கு அடையாளம் சொல்கிற குரல். பெரியம்மாவின் குரலும் அந்த ஜாதிதான்.

இன்று அந்தக் கரை முழுவதும் சீமைக்கருவேல். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.