வந்தான், வர்றான்

சமீபத்திய ஆங்கில நாவல்கள் படிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் யாரும் வந்தார்கள், போனார்கள் கிடையாது. வருகிறார்கள், போகிறார்கள், ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறார்கள். 2010-ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு நாவல்களில் மூன்று நிகழ்காலத்தில் எழுதப்பட்டவை. பிலிப் புல்மன் பொறுமையிழந்து, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டி ஆட்டி எடுக்கும் சினிமாவோடு இதை ஒப்பிட்டுக் கண்டித்தார். பரிசு என்னவோ இறந்தகாலத்தில் எழுதிய ஹோவர்ட் ஜேக்கப்சனுக்குத்தான் போயிற்று.

இது புதுசா என்றால், இல்லை. டிக்கன்ஸ் 1852-53-ல் தொடராக வெளியிட்ட 'ப்ளீக் ஹவுஸ்' நாவலிலேயே இருக்கிறது. லண்டன் பனிமூட்டத்தையும் கோர்ட்டையும் உயரத்திலிருந்து பார்க்கும் அத்தியாயங்கள் நிகழ்காலத்தில். எஸ்தர் என்கிற பெண் தன் கதையைச் சொல்லும் அத்தியாயங்கள் இறந்தகாலத்தில். எஸ்தருக்கு எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, அசைபோட்டுச் சொல்கிறாள். கோர்ட்டிலோ தலைமுறை தலைமுறையாக இழுக்கும் சொத்து வழக்கு, முடிகிற வழியாக இல்லை. அதனால் 'நடந்துகொண்டே இருக்கிறது'. வினைச்சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நீங்களும் இந்த வித்தையை தினம் செய்கிறீர்கள். "நேத்து ஆபீஸ்லேர்ந்து கிளம்பினேன். நல்ல மழை. சிக்னல் தாண்டி நான்பாட்டுக்குப் போயிட்டிருக்கேன், திடீர்னு எதிர்ல ஒரு லாரி வருது..." கிளம்பியது இறந்தகாலம், லாரி வருவது நிகழ்காலம். யாரும் சொல்லித்தரவில்லை. ஆங்கிலேயரும் பேச்சில் இப்படித்தான் தாவுவார்கள். லாரி பயமுறுத்துவதற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒரு 'கிளம்பினேன்' இருப்பதுதான். ஆபீஸ், மழை, சிக்னல் எல்லாமே நிகழ்காலத்தில் வந்தால் லாரியும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

நிகழ்கால நாவல்கள் பலவற்றின் கோளாறு இதுதான். காபி குடிப்பதற்கும் கொலைக்கும் ஒரே அவசரம். நடந்ததைத் திரும்பிப் பார்த்து, இது முக்கியம், இது இல்லை என்று சலித்துச் சொல்லும் ஆசாமி காணாமல் போகிறான்.

அப்படியானால் ஹிலரி மேன்டல்? எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லைப் பற்றிய மூன்று நாவல்களையும் அவர் நிகழ்காலத்தில்தான் எழுதினார். 2009-ல் 'வுல்ஃப் ஹால்', 2012-ல் அதன் அடுத்த பாகம், இரண்டுக்கும் புக்கர். 2020-ல் மூன்றாவது. இங்கே மட்டும் ஏன் சலிக்கவில்லை? 1540-ல் கிராம்வெல்லின் தலையை வெட்டிவிட்டார்கள். வாசகருக்குத் தெரியும், கிராம்வெல்லுக்குத் தெரியாது. அவர் கணக்குப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், ராஜா தன் பக்கம் என்று நம்புகிறார். இறந்தகாலம் பக்கத்தில் இல்லை, நம் மண்டைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு 'கிறார்' விகுதியிலும் லேசாகக் கோடரிச் சத்தம் கேட்கிறது.

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. நிகழ்காலத்தில் எழுதிய முதல் பக்கத்தை அப்படியே இறந்தகாலத்துக்கு மாற்றிப் படித்துப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் 'வந்தான்' என்றே இருக்கட்டும். 'வர்றான்' என்பதை லாரிக்காக வைத்துக்கொள்ளுங்கள்.