தாள் நழுவும் நொடி

எத்தனை முறை லீவரை இழுத்தும் கிளம்பாத பழைய ஆட்டோ ஒன்றை, எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் அண்ணன் உடனே எதையும் கழற்றவில்லை. “பொசுக்குன்னு நின்னுச்சா, இழுவை குறைஞ்சு குறைஞ்சு நின்னுச்சா?” என்றுதான் கேட்டார்.

“ரெண்டு வாரமா மேடு ஏறலண்ணே. சூடும் ஜாஸ்தி.”

பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. திடீரென்று நின்றிருந்தால் எஞ்சின் தண்டோடு சுற்றும் மேக்னட்டைப் பிடித்திருக்கும் பிறை வடிவக் கீ அறுந்திருக்கிறதா என்று அதைத்தான் முதலில் பார்த்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்தது என்றால் தேய்மானம். பிளக்கைக் கழற்றினார், பெட்ரோல் ஈரம் இருந்தது. ஹெட்டில் வைத்து லீவரை இழுக்கச் சொன்னார். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, விட்டுவிட்டு. நல்ல பொறி நீலமாக இருக்கும், ‘டிக்’கென்று சத்தம் கேட்கும்.

1948-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம், தன் வெஸ்பா ஸ்கூட்டரின் வழியில் ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. நம் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் அந்தப் பரம்பரை. இவற்றில் பொறி வந்தால் மட்டும் போதாது, சரியான நேரத்தில் வர வேண்டும். எரிகலவை முழுவதும் தீப்பற்றக் கொஞ்ச நேரம் வேண்டும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். நிமிஷத்துக்கு 5000 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 0.012 நொடி. அதில் 20 டிகிரி என்பது ஆயிரத்தில் ஒரு நொடிகூட இல்லை. பிந்தினால் இழுவை போகும், சூடேறும். முந்தினால் லீவர் கையைத் திருப்பி உதறும். ரொம்ப முந்தினால் சில டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். முதல் கியர் போட்டால் வண்டி பின்னால் போகும்!

பாயிண்ட் என்ற தொடுமுனைகள் பிரியும் கணத்தில்தான் பொறி விழும். அது பிந்தினால், அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பில் பாயிண்ட்டைத் தாங்கும் ஸ்டேட்டர் பிளேட்டைத் திருப்புவார்கள். அது தப்பு. பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி குறையும், பொறியும் பிந்தும். ஆகவே இடைவெளிதான் முதல் வேலை. அண்ணன் பாயிண்ட் முகங்களை மெல்லத் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்தார். ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். கேமைத் தொடும் கம்பளித் துண்டில் துளி கிரீஸ் வைத்தார். அது கூடினால் பாயிண்ட்டில் தெறித்து, அதுவே அடுத்த கோளாறாகும்.

நான் ரசித்தது அதற்குப் பிறகு நடந்ததை. பிளக் துளைக்குள் சைக்கிள் ஸ்போக் ஒன்றை விட்டு உச்சியைத் தேடினார். உச்சிக்கு அருகே மேக்னட் திரும்பும், பிஸ்டன் நகராததுபோல் நிற்கும். கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். அவர் உச்சிக்கு முன்னும் பின்னும் ஸ்போக் ஒரே அளவு இறங்கிய இடங்களைச் சாக்பீஸால் குறித்து, இரண்டுக்கும் நட்ட நடுவில் கோடு போட்டார். அதுதான் உச்சி. அதிலிருந்து டிகிரி அளந்து இன்னொரு கோடு. பிறகு சிகரெட் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, மூடிய பாயிண்ட்டுக்கு நடுவே கொடுத்து, ஒரு கையால் லேசாக இழுத்தபடி மறு கையால் மேக்னட்டை ஓடும் திசையில் நகர்த்தினார். தாள் நழுவியது. கோடு தாண்டிப் போயிருந்தது. பிளேட்டை, மேக்னட் சுற்றும் திசைக்கு எதிராக மயிரிழை திருப்பி ஸ்க்ரூவை முறுக்கினார். மறுபடி தாள், மறுபடி மேக்னட். நான்காம் முறை, கோடு நேர்ப்பட்ட அதே கணத்தில் தாள் கையோடு வந்தது. இதைவிடச் சுத்தமான கைவேலையை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மின்னணு இக்னிஷன் வந்தபின் பாயிண்ட்டும் இல்லை, தாளும் இல்லை. உங்கள் ஊரில் இந்தக் கை உள்ளவர் ஒருவர் இருந்தால், அவர் மேக்னட் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.